முதல் போடுவதற்கு முன்: தொழில் யோசனையைச் சின்னச் செலவில் சோதித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

கோவையில் பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி செய்து விற்கிறேன். இதற்கு முன்பு வேறு சில யோசனைகளைப் பிடித்து, கொஞ்ச தூரம் போய், கைவிட்டு, அலைந்துதான் இங்கே வந்து சேர்ந்தேன். எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எந்தக் காகிதத்தைத் தள்ளிப்போடவே கூடாது, யாரிடம் போய் என்ன கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்ல அப்போது ஆள் கிடைக்கவில்லை. இப்போது என்னைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் "ஒரு ஐடியா இருக்கு, மெஷின் எங்கே வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். மெஷின் பேச்சை இந்தக் கட்டுரையின் கடைசி வரை எடுக்கப்போவதில்லை.

உதாரணங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த உணவுப் பொருளை வைத்தே வரும். வேறு தொழிலுக்கு வரிசை இதேதான், உரிமம் மட்டும் மாறும். அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். வீட்டில் மூலிகைச் சோப்பு செய்து விற்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். அதைத் தயாரித்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். எண்ணெய், அச்சு, வாசனைத் திரவம் எல்லாம் வாங்கிக் குவித்த பிறகு இது தெரியவந்தால் வயிறு எரியும்.

1. யோசனையை ஒரே வரியில் எழுதுங்கள்

யார் வாங்குவார், எப்போது பயன்படுத்துவார், இப்போது அதற்குப் பதிலாக என்ன செய்கிறார், உங்கள் பொருள் என்ன, என்ன விலை. இந்த ஐந்தும் ஒரு வரியில் வர வேண்டும்.

"எல்லோருக்கும் ஆரோக்கியமான பாரம்பரிய உணவு" என்பதைச் சோதிக்க முடியாது, ஏனென்றால் யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாது. "சரவணம்பட்டியில் அறை எடுத்துத் தங்கி ஐடி வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரி சோறு மட்டும் வடித்துப் பிசைந்து சாப்பிட, 200 கிராம் பருப்புப் பொடி 110 ரூபாய்க்கு. இப்போது அவர்கள் ஆப்பில் ஆர்டர் செய்கிறார்கள் அல்லது ஊருக்குப் போகும்போது அம்மா கொடுத்தனுப்பும் பொடியை வைத்து ஓட்டுகிறார்கள்." இதைச் சோதிக்கலாம். ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியும், என்ன கேட்க வேண்டும் என்றும் தெரியும்.

யோசனை இன்னும் கிடைக்காதவர்கள், சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் "எனக்கும் கொஞ்சம் செஞ்சு குடு" என்று ஏற்கெனவே உங்களிடம் கேட்கிற விஷயம் எது என்று பாருங்கள். அடுத்தது, நீங்கள் வேலை பார்த்த இடத்தில் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த புலம்பல். இந்த இரண்டிலும் ஒன்றும் சிக்காவிட்டால், உங்கள் தெருவில் மக்கள் எதற்காகத் தூரமாகப் போய் வருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். யூடியூபில் "மாதம் ஒரு லட்சம் வருமானம்" என்று ஓடும் தொழில்களை நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அவற்றில் பாதி, மெஷின் விற்பவர்களுடைய விளம்பரம்.

முதல் யோசனைக்குக் கெட்டுப்போகும் பொருள் வேண்டாம் என்பது என் கட்சி. இட்லி மாவு நல்ல வியாபாரம்தான். ஆனால் பாக்கெட்டுக்குள்ளேயே பொங்கும், ஃப்ரிட்ஜ் இல்லாமல் தாங்காது, விற்காததை அன்றன்றைக்குத் திரும்ப எடுக்க வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அவ்வளவு நெருக்கடி எதற்கு?

2. கடை அலமாரியைப் படியுங்கள்

பணம் செலவில்லாத வேலை இது. ஒரு சூப்பர் மார்க்கெட், இரண்டு அண்ணாச்சி கடை, ஒரு நாட்டுமருந்துக் கடை, ஒரு ஆர்கானிக் கடை என்று போங்கள். உங்கள் பொருளைப் போன்றதை எடுத்து, விலையை அப்புறம் பார்க்கலாம், முதலில் தயாரித்த தேதியைப் பாருங்கள். எல்லா பாக்கெட்டிலும் சமீபத்திய தேதி இருந்தால் சரக்கு ஓடுகிறது. நாலைந்து மாதம் பழைய தேதியும் மேலே தூசியுமாக இருந்தால் அந்த இடத்தில் அந்தப் பொருள் தூங்குகிறது. இரண்டு வாரம் கழித்து அதே கடைக்குப் போய் அதே வரிசையைப் பாருங்கள். எத்தனை பாக்கெட் குறைந்திருக்கிறது என்று எண்ணினால் எந்தச் சந்தை ஆய்வும் சொல்லாத பதில் கிடைக்கும்.

எடை, எம்ஆர்பி, தயாரிப்பாளர் ஊர் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். ஊர் ஏன் என்றால், வெளியூர்ச் சரக்கு இவ்வளவு தூரம் வந்தும் கட்டுப்படியாகிறது என்றால் விலையில் எங்கோ இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

கடைக்காரரிடம் கூட்டம் இல்லாத நேரத்தில், மதியம் மூன்று மணி வாக்கில் போய்ப் பேசுங்கள். "எது நல்லா போகுது?" என்று கேட்டால் எல்லாமே நல்லா போகுது என்பார். "எது ரிட்டர்ன் ஆகுது, எதுக்கு ரிட்டர்ன் ஆகுது?" என்று கேளுங்கள். வண்டு விழுந்தது, பாக்கெட் கிழிந்தது, சிக்கு வாடை வந்தது, ஏஜென்ட் ஒரு தடவை வந்தவன் மறுபடி வரவே இல்லை என்று கொட்டித் தீர்ப்பார். இந்தப் புலம்பலில்தான் உங்கள் பொருளை எப்படிச் செய்ய வேண்டும் என்பது இருக்கிறது.

3. வேற்று மனிதர்களிடம் பேசுங்கள்

சொந்தக்காரர், நண்பர், பழைய அலுவலகத்துக்காரர் மூவரும் இந்தப் படியில் உதவ மாட்டார்கள். நல்ல மனசு அவர்களுக்கு, அதனால் பாராட்டுவார்கள்.

வேற்று மனிதரிடமும் "இப்படி ஒரு பொடி வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. நடந்து முடிந்ததைக் கேளுங்கள்: கடைசியாகப் பொடி எப்போது வாங்கினீர்கள்? எந்தக் கடையில், எவ்வளவுக்கு? தீர்ந்ததா, டப்பாவில் இன்னும் இருக்கிறதா? தீர்ந்த பிறகு மறுபடி அதையே வாங்கினீர்களா, ஏன்?

டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது என்று வரிசையாக ஐந்து பேர் சொன்னால், 200 கிராமுக்குப் பதில் 100 கிராம் பாக்கெட் போட வேண்டுமோ என்று யோசியுங்கள். "நாங்க வாங்கறதே இல்ல, ஊர்லேர்ந்து வந்துடும்" என்று பெரும்பாலோர் சொன்னால் ஆளை மாற்றுங்கள். ஒரே வரியில் எழுதினோமே, அதில் "யார்" என்ற இடத்தை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டு மறுபடி கேட்க வேண்டியதுதான். இருபது, முப்பது பேரிடம் பேசினால் போதும், அதற்குள் பதில்கள் ஒன்றுபோல வர ஆரம்பித்துவிடும்.

4. கணக்கு போடுங்கள், உங்கள் கூலியையும் சேர்த்து

இந்தப் படியில்தான் பலருடைய யோசனை உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அதனாலேயே பலர் இதைச் செய்வதில்லை. 10 கிலோ பருப்புப் பொடிக்கு ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பருப்பு, பொட்டுக்கடலை, மிளகாய், பூண்டு, பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். வறுக்கும்போது எடை குறையும் என்பதால் 10 கிலோ பொடிக்குப் பத்தரை, பதினொரு கிலோ பொருள் வாங்க வேண்டும், அதையும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. மில்லில் அரைக்கும் கூலி 250. எரிவாயு 150. பவுச்சும் ஸ்டிக்கரும் ஒன்றுக்கு 9 ரூபாய் வீதம் 50-க்கு 450. பெட்ரோல் 250. ஒரு ஆளின் ஒரு நாள் கூலி 600. மொத்தம் 3,600.

50 பாக்கெட் வரும். அதில் மூன்று, எத்தனை நாள் கெடாமல் தாங்கும் என்று பார்க்கும் இருப்புச் சோதனைக்குப் போய்விடும். மீதி 47. ஒரு பாக்கெட்டின் அடக்க விலை ஏறக்குறைய 77 ரூபாய்.

எம்ஆர்பி 110 என்று வைத்து நேரடியாக விற்றால் 33 ரூபாய் நிற்கும். அதையே கடைக்குக் கொடுத்தால்? கடைக்காரர் எம்ஆர்பியில் 25 சதவீதம் கேட்கிறார் என்று வையுங்கள். உங்கள் கைக்கு 82 ரூபாய் 50 காசு. பாக்கெட்டுக்கு ஐந்தரை ரூபாய் மிச்சம், 47 பாக்கெட்டுக்கும் சேர்த்து 260 ரூபாய் வாக்கில். ஒரு பாக்கெட் ரிட்டர்ன் வந்தால் பதினைந்து பாக்கெட்டின் லாபம் போச்சு. இடையில் டிஸ்ட்ரிபியூட்டர் வந்தால் நீங்கள் கைக்காசு போட்டு வியாபாரம் செய்வீர்கள். ஆக, இந்தப் பொருளைக் கடை வழியாக விற்க வேண்டுமானால் விலை 130-ஆவது இருக்க வேண்டும். அந்த விலைக்கு வேற்று மனிதர் வாங்குவாரா என்பதுதான் நீங்கள் சோதிக்க வேண்டிய கேள்வி. அடக்கம் எவ்வளவு என்று தெரியாமல் விலையைச் சோதிப்பதில் பயன் இல்லை.

"நானே செய்யறேன், கூலி எதுக்கு?" என்று அந்த 600-ஐ அடித்துவிட்டுக் கணக்கு காட்டுபவர்கள் உண்டு. வியாபாரம் கொஞ்சம் பெருகியதும் ஆள் வைக்க வேண்டும். அன்றைக்கு விலையை ஏற்ற முடியாது. முதல் நாளிலிருந்தே கூலி கணக்கில் இருக்கட்டும்.

மூலப்பொருள் விலையை ஒரே நாளில் எடுக்காதீர்கள். கோவைக்காரர்கள் ரங்கே கவுடர் வீதியில் மொத்தக் கடைகளில் இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு விசாரியுங்கள். தை, மாசியில் புது மிளகாய் வரத்து தொடங்கும்போது இருக்கும் விலை ஐப்பசியில் இருக்காது. ஆண்டின் உச்ச விலையை வைத்துப் பார்த்தும் கட்டுப்படியாகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பாருங்கள்.

5. விற்பதற்கு முன் வேண்டிய ஒரே காகிதம்

சோதனை விற்பனை என்றாலும் சாப்பிடும் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். வீட்டிலிருந்து செய்பவர்களுக்கும் இது பொருந்தும். பயப்பட வேண்டாம், சின்ன அளவுக்கு இது எளிது. 2011-ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குப் பதிவு மட்டும் போதும், உரிமம் தேவையில்லை என்று இருந்தது. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று இருந்தது. ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்டும்படி வைத்திருந்தார்கள். வரம்பும் கட்டணமும் திருத்தப்படுவது உண்டு, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு.

தேவையானவை: புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, தயாரிக்கும் இடத்துக்கான முகவரிச் சான்று. வாடகை வீடென்றால் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்காஸ் என்ற அரசுத் தளத்தில் நீங்களே பதியலாம். விண்ணப்பம் போன ஏழு நாளுக்குள் பதிவைக் கொடுக்கவோ, காரணம் சொல்லி மறுக்கவோ, ஆய்வுக்கு வருவதாக அறிவிக்கவோ வேண்டும் என்பது விதி. ஆய்வு என்றால் கூடுதல் நாளாகும், அதனால் விற்கத் தொடங்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே போட்டுவிடுங்கள். 14 இலக்க எண் கிடைக்கும். அது லேபிளில் வர வேண்டும்.

இங்கே உள்ள கண்ணி, இடைத்தரகர். இணையத்தில் தேடினால் அரசுத் தளத்துக்கு மேலேயே விளம்பரங்கள் வரும். நூறு ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். சிலர் உங்களுக்குத் தேவையே இல்லாத மாநில உரிமத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு விவரங்களைக் கொடுங்கள்.

6. முதல் ஈடு (ஒரே தடவையில் செய்யும் சரக்கு): பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம்

வெளியில் ஒரு மாவு மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்பு என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். மிளகாய்த்தூள் அரைத்த கையோடு உங்கள் பருப்பைப் போட்டால் பொடி உங்கள் பொடியாக இருக்காது. காலையில் முதல் ஆளாகப் போவது நல்லது, அல்லது உங்கள் பொருளிலேயே கால் கிலோவை ஓடவிட்டு அதைத் தனியாக எடுத்துவிடலாம். அரைத்த சூடு முழுக்க ஆறிய பிறகே பாக்கெட் போடுங்கள். சூடாக அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும்.

எதை எவ்வளவு போட்டோம், எவ்வளவு நேரம் வறுத்தோம் என்பதைக் கிராமில், நிமிடத்தில் எழுதி வையுங்கள். "கைப்பிடி", "கண் அளவு" எல்லாம் வீட்டுச் சமையலுக்குச் சரி. வியாபாரத்தில் இரண்டாவது ஈடு முதல் ஈட்டைப் போலவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விரும்பி வாங்கியவரே "போன தடவை நல்லா இருந்துச்சு" என்பார்.

மூன்று பாக்கெட்டை இருப்புச் சோதனைக்கு ஒதுக்குங்கள் என்றேன். ஒன்று அடுப்படி அலமாரியில், ஒன்று வெயில் படும் ஜன்னலோரம் (கடைகளில் பல நேரம் சரக்கு அப்படித்தான் இருக்கும்), ஒன்று அவ்வப்போது திறந்து மூடிப் பயன்படுத்த. வாரம் ஒரு தடவை நிறம், மணம், கட்டி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை உள்ள எள், நிலக்கடலை, தேங்காய் சேர்ந்த பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். உங்கள் சோதனை இரண்டு மாதம்தான் தாங்கியது என்றால், பக்கத்துப் பிராண்டில் ஆறு மாதம் போட்டிருக்கிறதே என்று நீங்களும் போடாதீர்கள். யோசனை தேறிய பிறகு, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சில ஆயிரம் செலவழித்துப் பரிசோதித்துக்கொள்ளலாம், இந்தக் கட்டத்தில் அந்தச் செலவு அவசரமில்லை.

பவுச்சை அச்சடித்து வாங்காதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சு சிலிண்டர் செலவு, அதற்குமேல் குறைந்தபட்ச ஆர்டர் என்று பெரிய தொகையை விழுங்கும். பெயரையோ எடையையோ மாற்ற நினைத்தால் அத்தனையும் குப்பை. வெற்று பவுச்சும் ஸ்டிக்கரும் போதும். கையால் அழுத்தும் சீலிங் மெஷின் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

லேபிளில் வர வேண்டியவை: பொருளின் பெயர், சேர்மானங்கள் (அதிகம் உள்ளது முதலில்), பச்சைப் புள்ளிச் சைவக் குறி, நிகர எடை, ஈடு எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், அனைத்து வரிகளும் உட்பட எம்ஆர்பி, ஒரு கிராமின் விலை, தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், புகாருக்குத் தொலைபேசி எண், எஃப்எஸ்எஸ்ஏஐ எண். கிராம் விலையை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். "சர்க்கரை நோயைக் குணமாக்கும்", "மூட்டுவலி போகும்" போன்ற வாசகங்கள் வேண்டவே வேண்டாம். உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

7. முழு விலைக்கு விற்றுப் பாருங்கள்

இலவசமாகக் கொடுத்துக் கருத்துக் கேட்பதால் ஒன்றும் தெரியாது. அறிமுகச் சலுகையும் வேண்டாம். நான்காம் படியில் கண்ட விலை எதுவோ, அதே விலை. ருசி பார்க்கத் தட்டில் கொஞ்சம் சோறும் பொடியும் நல்லெண்ணெயும் வைக்கலாம், அதோடு சரி.

எங்கே விற்பது? அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை மேஜை போட அசோசியேஷன் அனுமதி கேளுங்கள். சில இடங்களில் சின்ன வாடகை கேட்பார்கள். கண்காட்சி ஸ்டால்கள் வாடகை அதிகம், முதல் சோதனைக்கு ஏற்றவை அல்ல. அங்கே கூட்டம் வேடிக்கை பார்க்க வருகிறது. உழவர் சந்தைக்குள் போடலாமே என்று நினைப்பவர்களுக்கு: அது அடையாள அட்டை உள்ள விவசாயிகள் தங்கள் விளைச்சலை விற்கும் இடம். மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மாவட்ட மகளிர் திட்ட அலுவலகத்தில் கல்லூரிச் சந்தை போன்ற விற்பனை வாய்ப்புகளைப் பற்றிக் கேளுங்கள்.

தீபாவளியை ஒட்டிச் சோதிக்காதீர்கள். அந்த மாதத்தில் எதை வைத்தாலும் விற்கும், பரிசாகவும் வாங்குவார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வீட்டில் சைவப் பொருள் கூடுதலாகப் போகும். அதை வைத்து ஆண்டு முழுக்கக் கணக்கு போட முடியாது. தை பிறந்த பிறகோ, ஆனி வாக்கிலோ ஆரம்பித்தால் கிடைக்கும் எண்ணிக்கையை நம்பலாம்.

வாங்கியவரின் எண்ணை அனுமதி கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, அதற்கென்று ஒரு க்யூஆர். வீட்டுச் செலவும் வியாபாரமும் ஒரே கணக்கில் ஓடினால் எவ்வளவு நின்றது என்று உங்களுக்கே தெரியாது.

8. இரண்டாவது தடவை வாங்குகிறார்களா?

என்னைக் கேட்டால் மொத்தச் சோதனையும் இதற்காகத்தான். முதல் பாக்கெட்டை ஆர்வத்தில் வாங்குவார்கள், தாட்சண்யத்தில் வாங்குவார்கள், தட்டில் வைத்த நல்லெண்ணெய்ச் சோற்றுக்காகக்கூட வாங்குவார்கள். தீர்ந்த பிறகு அவர்களாகவே கேட்டால்தான் யோசனைக்குக் கால் முளைத்திருக்கிறது.

200 கிராம் பொடி ஒரு சின்னக் குடும்பத்துக்கு மூன்று, நான்கு வாரம் வரும். ஐந்தாவது வாரம் ஒரே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: "புது ஈடு போடுகிறேன், வேண்டுமா?" அவ்வளவுதான். நேரில் போய் நின்று கேட்காதீர்கள், மறுபடி தாட்சண்யம் வந்துவிடும்.

முதல் ஈடு போடும் முன்பே ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்: அதிகபட்சம் எவ்வளவு பணம், எந்தத் தேதி வரை, எத்தனை பேர் மறுபடி வாங்கினால் தொடர்வேன். என் அளவுகோல், முன்பின் தெரியாத முப்பது பேரில் பத்துப் பேர் இரண்டாவது தடவை முழு விலைக்கு வாங்க வேண்டும். ஐந்துக்குக் கீழே என்றால் நிறுத்துவேன். நடுவில் விழுந்தால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி இன்னொரு ஈடு. விலை, எடை, ருசி மூன்றையும் ஒரே சமயத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வாங்காதவர்களிடம் காரணம் கேளுங்கள். "காரம் ஜாஸ்தி" என்றால் சரிசெய்யலாம். "வீட்ல யாரும் பொடி சாப்பிடறதில்ல" என்றால் ஆள் தப்பு.

9. கடைக்குப் போகும்போது

நேரடி விற்பனை தேறிய பிறகு இரண்டே இரண்டு கடை. "சரக்கைப் போட்டுட்டுப் போங்க, வித்தா காசு" என்பார்கள். ஒரு தடவை ஒப்புக்கொள்ளலாம், தேதி பேசிக்கொண்டு, எண்ணிக்கையை எழுதி, கையெழுத்து வாங்கி. பத்துப் பன்னிரண்டு பாக்கெட்டுக்கு மேல் வைக்காதீர்கள். சொன்ன தேதியில் நீங்களே போய் எண்ணிப் பாருங்கள். இருபது கடையில் இப்படிச் சரக்கு போட்டுவிட்டால் உங்கள் முதல் முழுக்க அடுத்தவர் அலமாரியில் இருக்கும், வசூலுக்கு அலைவதே வேலையாகிவிடும்.

10. தேறிய பிறகு எடுக்க வேண்டிய காகிதங்கள்

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு): இலவசம். ஆதாரும் பான் அட்டையும் போதும். இதற்கும் அரசுத் தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் பறிக்கும் தளங்கள் நிறைய உண்டு. ஆனால் புதுத் தொழிலுக்கான அரசுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், கடைசிப் படியைப் படித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

பெயர்: லேபிளில் பெயர் போடும் முன்பே வர்த்தகச் சின்னப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், தேடுவதற்குக் கட்டணம் இல்லை. மசாலா, மாவு வகைகள் 30-ஆம் வகுப்பு, ஊறுகாய் 29. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவாகி முடிய நாளாகும். வர்த்தகச் சின்ன இதழில் வெளியான பிறகு மற்றவர்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவே நான்கு மாதம் அவகாசம் உண்டு. பாட்டி, அம்மா, கிராமத்து என்று தொடங்கும் பெயர்களில் எனக்கு ஆசையும் இல்லை, நம்பிக்கையும் இல்லை.

எடை: பாக்கெட் போட்டு விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின்கீழ் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும். முத்திரை உள்ள தராசாகவே வாங்குங்கள்.

ஜிஎஸ்டி: பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்தச் சலுகை மாநிலத்துக்குள் விற்பதற்கு மட்டும்தான். வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் முதல் பாக்கெட்டுக்கே பதிவு வேண்டும். ஓசூரிலிருந்து பெங்களூருக்குக் கூரியர் போடுபவர்களும், கடலூர், விழுப்புரத்திலிருந்து பக்கத்தில்தானே என்று புதுச்சேரிக் கடைக்குச் சரக்கு போடுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

மின்சாரமும் எரிவாயுவும்: வாடகைக்கு இடம் பிடிக்கும்போது வீட்டுக்காரரிடம் தொழில் நடத்துவதற்கான சம்மதத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வீட்டு மின் இணைப்பில் மோட்டார் ஓட்டிப் பிடிபட்டால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவின்படி பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு கட்ட வேண்டிவரும். வியாபாரத்துக்கு 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான். அடக்க விலைக் கணக்கில் எரிவாயுவை இதற்கேற்ப மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

11. கடனும் மெஷினும்

மில் கூலி கொடுத்தும், காத்திருந்தும், கைக்குச் சரக்கு போதவில்லை என்ற நிலை வந்தால் மெஷின் வாங்கலாம். முதலில் போக வேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். மத்திய அரசின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமான பிஎம்இஜிபி, சிறு உணவுத் தொழிலுக்கான பிஎம்எஃப்எம்இ, வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யுஒய்இஜிபி, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்குமான அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும், இந்த ஆண்டு எது திறந்திருக்கிறது என்று அங்கே கேளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், பழைய காணொளியை நம்பாதீர்கள்.

பிஎம்இஜிபி புதுத் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு அதில் முதல் கடன் கிடைக்காது. அதனால்தான் உத்யம் பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளச் சொன்னேன். அதில் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15 சதவீதமும் கிராமத்தில் 25 சதவீதமும் மானியம். பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 25, 35. அந்த மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக நின்று, தொழில் நடப்பதை நேரில் சரிபார்த்த பிறகே கடனில் கழியும். அதுவரை தவணையை மானியம் இல்லாதது போலவே கட்ட முடியுமா என்று கணக்கு போடுங்கள். "மானியம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கமிஷன்" என்று வருபவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வங்கிக்குப் போகும்போது திட்ட அறிக்கையோடு கூடுதலாக மூன்றை எடுத்துச் செல்லுங்கள்: தனிக் கணக்கின் ஆறு மாத வரவு செலவு, மறுபடி வாங்கியவர்களின் பட்டியல், மெஷினுக்கு இரண்டு கொட்டேஷன். மேலாளர் முதலில் கேட்பது அநேகமாக "இதுவரைக்கும் எவ்வளவு வித்திருக்கீங்க?" என்பதாக இருக்கும். மாதக் கடைசி வாரத்தில் போகாதீர்கள். 10 தேதியிலிருந்து 20 தேதிக்குள், மதியத்துக்கு மேல் போனால் உட்கார வைத்துப் பேச நேரம் இருக்கும்.